அரை ஸ்பூன் என்றால் எவ்வளவு?

சென்ற வாரம் எதிர்வீட்டு இளம் தாய் ஒருத்தி கையில் மருந்து பாட்டிலோடு வந்து நின்றாள். "அக்கா, பாப்பாவுக்கு அரை ஸ்பூன் கொடுக்கச் சொன்னாங்க. இந்த ஸ்பூன் போதுமா பாருங்களேன்" என்று ஒரு எவர்சில்வர் ஸ்பூனை நீட்டினாள். பாயசம் பரிமாறினால் அதனோடு தருவோமே, அந்த மாதிரி ஆழமான ஸ்பூன். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் என் சிரிஞ்ச் டப்பாவை எடுத்து வந்தேன். "ஐயோ, ஊசியா!" என்று இரண்டடி பின்னால் போய்விட்டாள். ஊசி இல்லை அம்மா, வெறும் குழாய்தான் என்று காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

சகோதரிகளே, இந்த இதழில் அந்தக் குழாயைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சமையலில் நமக்குக் கை அளவு போதும். உப்பு ஒரு சிட்டிகை கூடினால் ஒரு கை தேங்காய்ப்பால் விட்டுச் சரிக்கட்டிவிடலாம். குழந்தையின் வயிற்றுக்குள் போன மருந்தை என்ன விட்டுச் சரிக்கட்டுவது?

நானும் ஒரு காலத்தில் கை அளவுக்காரிதான். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. 2004-ஆம் வருஷம் என்று நினைவு. காதில் சீழ் வந்து இரவெல்லாம் அழுதாள். டாக்டர் பொடியாக இருக்கும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கிக்கொள்ள வேண்டும். 30 மில்லி பாட்டில். வேளைக்கு 3 மில்லி, காலையும் இரவும், ஐந்து நாள். கடையில் இருந்த பையனிடம் "3 மில்லின்னா எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். "அரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே கொடுங்கக்கா" என்றான். காபிக்குச் சர்க்கரை போடும் ஸ்பூனில் அரைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வேளை தவறாமல் ஐந்து நாளும் கொடுத்தேன்.

காது நின்ற மாதிரி நின்று, பத்தாம் நாள் மறுபடியும் ஆரம்பித்தது. டாக்டர் பழைய பாட்டிலைக் கொண்டு வரச் சொன்னார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அடியில் மூன்றில் ஒரு பங்கு மருந்து அப்படியே நின்றது.

"எத்தனை வேளை விட்டுப் போச்சு?"

"ஒரு வேளைகூட விடலையே டாக்டர்."

"3 மில்லி, ரெண்டு வேளை, அஞ்சு நாள். முப்பதும் காலியாகி இருக்கணும். பத்து மில்லி இங்கேயே இருக்கே. இது குழந்தை வயித்துக்குள்ள போயிருக்கணும் அம்மா."

அதனால்தான் காது திரும்பியது என்று அவரும் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம் என்றார். ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மருந்து கொடுத்தேன் என்றுதானே ஐந்து நாளும் நிம்மதியாக இருந்தேன்! கிளம்பும்போது அவர் மேஜை டிராயரிலிருந்து 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு என் கையில் கொடுத்தார். "ஸ்பூனை ரசத்துக்கு வச்சுக்கோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுக்களையில் உள்ள ஸ்பூன்களை எல்லாம் வரிசையாக வைத்து, சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றையும் தளும்பாமல் நிரப்பிப் பார்த்தேன். சர்க்கரை ஸ்பூன் 3 மில்லிதான் பிடித்தது. ஊறுகாய் ஜாடியில் கிடப்பது 4. கல்யாணத்துக்குச் சீராக வந்த செட்டில் உள்ளது 6. பாயச ஸ்பூன் 9. நாங்கள் எல்லாம் குடித்து வளர்ந்த சங்கு, அதாவது பாலாடை, விளிம்பு வரை ஊற்றினால் 12. ஒன்றாவது 5 மில்லி இல்லை! மருந்துச் சீட்டில் டீஸ்பூன் என்று எழுதினால் 5 மில்லி, டேபிள் ஸ்பூன் என்றால் 15 மில்லி. அந்த ஸ்பூன்கள் டாக்டரின் கணக்கில்தான் இருக்கின்றன, நம் வீட்டு அடுக்கில் இல்லை. நீங்களும் ஒரு மத்தியானம் செய்து பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொன்றும் அன்று புரிந்தது. ஸ்பூனில் "அரை" என்று நம் கண் சொல்வது அரையே அல்ல. ஸ்பூன் அடியில் குறுகி மேலே அகன்று இருக்கிறது. பாதி உயரம் ஊற்றினால் பாதி அளவு வராது, அதற்கு நிறையவே குறையும். நான் கொடுத்த 'அரைக்குக் கொஞ்சம் மேலே' இரண்டு மில்லிக்குத்தான் வந்தது. பத்து வேளைக்குப் பத்து மில்லி குறைவு. டாக்டர் காட்டிய மிச்சத்துக்கு அங்கேயே கணக்கு வந்துவிட்டது.

மருந்தோடு வரும் மூடியில் கோடு போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். பெரியவர்கள் இருமல் மருந்து 10 மில்லி குடிக்கப் போதும். பச்சைக் குழந்தைக்கு 2 மில்லி அளக்கப் போதாது. மூடி அகலமானது. அதில் 1 மில்லி ஊற்றினால் ஒரு தீக்குச்சிக் கனம்கூட உயராது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே கோடு மாறிவிடும். அதே 1 மில்லி ஒடுக்கமான சிரிஞ்சில் ஒரு விரல் நகத்தின் அகலத்துக்கு ஏறி நிற்கும். அளவு சின்னதாக இருந்தால் அளக்கும் பாத்திரமும் ஒடுக்கமாக இருக்க வேண்டும். நகைக்கடையில் அரைக் கிராம் தங்கத்தை அரிசித் தராசிலா நிறுக்கிறார்கள்?

என் அம்மா காலத்தில் தர்மாஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்துப் போவார்களாம். கம்பவுண்டர் கலர் கலராக மிக்சரை ஊற்றி, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பாராம். ஒரு பல் ஒரு வேளை. "அந்தப் பல்லைப் பார்த்துத்தாண்டி உங்களை எல்லாம் வளர்த்தேன்" என்பாள் அம்மா. யோசித்துப் பார்த்தால் அதுவும் கோடு போட்ட குழாய்தான், பெரிய குழாய்.

சரி, சிரிஞ்ச் வாங்குவதைச் சொல்கிறேன். மருந்துக் கடையில் 'வாய்க்குக் கொடுக்கும் சிரிஞ்ச், ஊசி வேண்டாம்' என்று கேளுங்கள். சில குழந்தை மருந்துகளோடு பெட்டியிலேயே வரும். இல்லையென்றால் சாதாரண சிரிஞ்சையே வாங்கி, ஊசியை மூடியோடு கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். முனையில் ஒரு சின்னத் தொப்பி இருந்தால் அதையும் உடனே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். மறந்துபோய் அதோடு வாயில் அழுத்தினால் தொப்பி தெறித்துத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

எந்த அளவுக்கு எந்தச் சிரிஞ்ச் என்பதும் உண்டு. 1 மில்லிக்குள் கொடுக்க வேண்டுமானால் 1 மில்லி சிரிஞ்ச். இரண்டுக்குள் என்றால் 2 மில்லி. அதற்கு மேல் 5. பெரிய சிரிஞ்சில் சின்ன அளவு எடுக்கக் கூடாது. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறோம். என்னிடம் உள்ள 2 மில்லி சிரிஞ்சில் ஒவ்வொரு சின்னக் கோடும் 0.1 மில்லி. 5 மில்லி சிரிஞ்சில் அதே மாதிரி சின்னக் கோடு 0.2 மில்லி. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 'எண்ணுக்கு மேலே மூணு கோடு' என்று எண்ணிப் பழகியவள் சிரிஞ்சை மாற்றினால் அளவும் மாறிவிடும். அதனால் புதிதாக வாங்கியதும், ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து கட்டமானால் கட்டத்துக்கு 0.2. பத்துக் கட்டமானால் 0.1. சீட்டில் 0.5 என்று எழுதியிருந்தால் அது அரை மில்லி, ஐந்து அல்ல. புள்ளி மங்கலாகத் தெரிந்தால் டாக்டரிடமோ கடைக்காரரிடமோ திரும்பிக் கேட்க வெட்கமே வேண்டாம்.

எடுக்கும் விதம்: முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். கலங்கலான மருந்துகள் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் எடுத்தால் முதல் நாள் தண்ணி, கடைசி நாள் கஷாயம் என்று ஆகிவிடும். தண்டை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, மூக்கை மருந்துக்குள் முங்கவைத்து, நிதானமாக இழுங்கள். அவசரமாக இழுத்தால் காற்றுக் குமிழி வரும். குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இல்லை, ஆனால் கோடு அதையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்டும். மூக்கை மேலே தூக்கி விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் குமிழி ஏறிவிடும். மெல்ல அழுத்தி வெளியேற்றி, தேவையான அளவுக்கு மறுபடி இழுத்துக்கொள்ளலாம். வேண்டியதற்குக் கொஞ்சம் அதிகமாக இழுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கோடு வரை திருப்பித் தள்ளுவது என் வழக்கம்.

கோட்டில் எதைப் பார்ப்பது? தண்டின் நுனியில் கறுப்பு ரப்பர் இருக்கிறது. அதில் சுவரை ஒட்டி வளையம் வளையமாகத் தெரியும். மூக்குக்குப் பக்கத்தில் உள்ள முதல் வளையத்தின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. சில ரப்பர்கள் நடுவில் கூம்பாக நீண்டிருக்கும். அந்தக் கூம்பின் நுனியைப் பார்க்கக் கூடாது. பின்பக்க வளையத்தையும் பார்க்கக் கூடாது. என் தங்கை பல நாள் பின்வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வேலை பார்க்கிறவள் அவள்!

கொடுத்து முடித்ததும் மூக்கு நுனியில் ஒரு சொட்டு நிற்கும். அதை வீணாக்கக் கூடாது என்று தண்ணீர் விட்டு அலசிப் புகட்டுகிறோம், நம் சிக்கனம் அப்படி. அந்தச் சொட்டு கணக்கில் சேர்ந்தது இல்லை. கோட்டளவு ஏற்கெனவே குழந்தை வாய்க்குள் போய்விட்டது. கால் மில்லி, அரை மில்லி கொடுக்கும்போது அந்தச் சொட்டும் அதிகம்தான். விட்டுவிடுங்கள்.

புகட்டும்போது குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும். நேராகத் தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறிவிடும். காலை நீட்டிக் குழந்தையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவது நம் பாட்டிமார் வழக்கம். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பால் புட்டியில் மருந்தைக் கலப்பதும் வேண்டாம். பாதிப் பாலை மிச்சம் வைத்தால் பாதி மருந்தும் போச்சு. கொடுத்ததும் கக்கிவிட்டால், நாமாக இன்னொரு வேளை கொடுக்காமல் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். சிரிஞ்சைச் சோப்புத் தண்ணீரில் தண்டு வேறு குழாய் வேறாகக் கழுவிக் காயவைத்தால் போதும். எண்கள் அழிய ஆரம்பித்தால் தூக்கிப் போடுங்கள். பத்து ரூபாய் பெறாத சாமானுக்காக யோசிக்காதீர்கள்.

இவ்வளவு தெரிந்தவளாக்கும் என்று எனக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது. அது இரண்டு தடவை உடைந்தது.

என் மாமியாருக்குச் சர்க்கரை. காலையில் 20 யூனிட் இன்சுலின் நான்தான் போடுவேன். ஒரு சமயம் ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் சிரிஞ்ச் வாங்கி வந்தான். மூடி ஆரஞ்சு நிறம். நாங்கள் வழக்கமாக வாங்குவது சிவப்பு மூடி. கம்பெனி வேறு போலிருக்கிறது என்று நினைத்து, 20 கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். நாலாம் நாள் அத்தை, "ஏம்மா, ராத்திரி எல்லாம் தாகமா இருக்கு, எத்தனை தடவை எந்திரிக்கிறேன்னு கணக்கே இல்ல" என்றார்கள். பார்த்தால் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் பாட்டிலில் இருந்தது 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து. அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, 1 மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. சிவப்பில் 20 கோடு என்றால் அரை மில்லி. ஆரஞ்சில் அதே 20 கோடு 0.2 மில்லிதான். 20 யூனிட் போடுகிறேன் என்று நினைத்து நாலு நாளும் 8 யூனிட் போட்டிருக்கிறேன்! இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு எடுத்திருந்தால் 50 யூனிட் உள்ளே போயிருக்கும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டு, என்ன ஆகியிருக்கும் என்று எழுதக்கூடக் கை வரவில்லை. பாட்டிலில் 40 என்று இருந்தால் சிரிஞ்சிலும் 40 என்று இருக்க வேண்டும், 100 என்றால் 100. வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பவை யூனிட் கோடுகள். அதில் குழந்தைக்கு சிரப் எடுக்கவே கூடாது.

இரண்டாவது, போன மார்கழியில் நடந்தது. என் பெண் பிரசவத்துக்கு வந்து, போய், மறுபடி பண்டிகைக்கு வந்திருந்தாள். பேரனுக்கு ஏழு மாதம், எட்டுக் கிலோ. இரவு பத்து மணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டருக்குப் போன் செய்தோம். எடையைக் கேட்டுவிட்டு, "பாரசிட்டமால் சிரப், 5 மில்லியில 125 மில்லிகிராம் இருக்கிறது. 4 மில்லி கொடுங்க. காலையில கூட்டிட்டு வாங்க" என்றார். வீட்டில் மருந்து இல்லை. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு கடைதான் திறந்திருந்ததாம். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வாங்கி வந்தார்.

என் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் அத்தனையும் அத்துப்படி. குலுக்கினாள். குமிழி இல்லாமல் இழுத்தாள். கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். முதல் வளையம் சரியாக 4-இல் நின்றது. பிள்ளையை நான் மடியில் நிமிர்த்தி வைத்திருந்தேன். அவன் அழுத அழுகையில் மூச்சே வரவில்லை. கன்னத்துக்குள் சிரிஞ்ச் போகப் போகிற நேரம், ஸ்டூலின் மேல் இருந்த பாட்டில் என் கண்ணில் பட்டது. இத்தனூண்டு பாட்டில். அதில் கால் பாகத்துக்கு மேல் குறைந்திருந்தது.

"இருடி" என்றேன்.

"என்னம்மா? அவன் துடிக்கிறான்!"

"ஒரு வேளைக்கே கால் பாட்டிலா? அந்த லேபிளைப் படி."

படித்தாள். 15 மில்லி பாட்டில். சிரப் இல்லை, டிராப்ஸ். ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. சிரப் 4 மில்லியில் இருப்பது 100 மில்லிகிராம். டிராப்ஸ் 4 மில்லியில் 400. அந்தக் குழந்தைக்கு உரிய வேளையைப் போல நாலு மடங்கு! இந்த மருந்து அதிகமானால் ஈரலைக் கெடுக்கும். அதுவும் உடனே தெரியாது. காய்ச்சல் விட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே வேலை நடக்கும்.

என் பெண்ணின் கை நடுங்கி, சிரிஞ்ச் கீழே விழுந்துவிட்டது. டாக்டருக்கு மறுபடி போன் செய்தோம். "நல்ல வேளை கேட்டீங்க. டிராப்ஸ்னா 1 மில்லி, அவ்வளவுதான்" என்றார். வேறு சிரிஞ்ச் எடுத்து நானே 1 மில்லி கொடுத்தேன். அரை மணியில் வியர்த்துத் தூங்கிப்போனான். என் பெண்தான் விடியும் வரை தூங்கவில்லை. "நீ சொன்ன மாதிரிதானேம்மா அளந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான். அவள் அளந்ததில் ஒரு சொட்டுக்கூடப் பிழை இல்லை. எதை அளக்கிறாள் என்பதை நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

டிராப்ஸ் சின்னக் குழந்தைக்கானது, அதனால் லேசாக இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நேர்மாறு. சின்னக் குழந்தை அதிகம் விழுங்காது என்பதற்காகவே கொஞ்சத்தில் நிறைய மருந்தைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். அதிலும் மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 150 உள்ளதும் உண்டு. சிரப்பிலும் 5 மில்லிக்கு 120, 125, 250 என்று பல விதம். பெயர் ஒன்றே, பெட்டியின் நிறம்கூட ஒன்றே. அதனால் டாக்டர் "இத்தனை மில்லி" என்று சொல்லும்போது, "எத்தனை மில்லிகிராம் மருந்தில் டாக்டர்?" என்று கேட்டு அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். போன தடவை மிச்சமானதை எண்ணைப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். குழந்தை எடை கூடியிருந்தால் அளவும் மாறியிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். மருந்து எடுக்கிறவர் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். மாப்பிள்ளை முதலில் சிரித்தார். இப்போது அவர்தான் உரக்கப் படிக்கிறாராம். அத்தைக்கு இன்சுலின் போடும்போது, "நாப்பதுக்கு நாப்பதும்மா, சரியா இருக்கா?" என்று அவர்களே கேட்டுவிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பெண் 2 மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். பாயச ஸ்பூனை என் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். இன்னும் இங்கேதான் இருக்கிறது.

பொடி மருந்தில் தண்ணீர் கலந்த பிறகு அதை எத்தனை நாள் வைத்திருக்கலாம், எதை எல்லாம் ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும் என்று இரண்டு சகோதரிகள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.